டூர் ஏஜென்சியில் கமிஷனுக்கு வேலை: முதல் விசாரணையிலிருந்து பணம் கைக்கு வரும்வரை

சம்பளம் இல்லாமல் கமிஷனுக்கு மட்டும் டூர் ஏஜென்சியில் சேருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பர்சென்ட் தருவீங்க?" என்றுதான். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "எதுல பர்சென்ட்?" என்பது. 3 சதவீதம் தருகிற இடம் 35 சதவீதம் தருகிற இடத்தைவிட நல்ல இடமாக இருக்கலாம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும்.

நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் சிங்கப்பூர், மலேசியா போகிறது என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை, சந்தை விலை என்று நினைக்க வேண்டாம்.) வரிக்கு முன் பேக்கேஜ் விலை 3,40,000 ரூபாய். இதில் விமான டிக்கெட் 1,12,000. விசா, இன்சூரன்ஸ் 18,000. மீதி 2,10,000 ஓட்டல், வண்டி, சுற்றிப் பார்க்கும் டிக்கெட்டுகள். இதைத்தான் ஆபீஸில் 'லேண்ட்' என்பார்கள். எல்லாச் செலவும் போக ஏஜென்சிக்கு நிற்கும் மார்ஜின் 30,000.

முதல் ஏஜென்சி மொத்த விலையில் 3 சதவீதம் தருகிறது: 10,200 ரூபாய். இரண்டாவது, லேண்டில் 5 சதவீதம்: 10,500. மூன்றாவது, மார்ஜினில் 35 சதவீதம்: அதுவும் 10,500. மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தோன்றும்.

இப்போது வாடிக்கையாளர் 10,000 ரூபாய் குறைக்கச் சொல்கிறார். நீங்கள் லேண்டில் குறைத்துத் தருகிறீர்கள். முதல் கணக்கில் உங்கள் பங்கு 9,900. இரண்டாவதில் 10,000. மூன்றாவதில் மார்ஜின் 20,000 ஆகிவிட்டதால் உங்களுக்கு 7,000தான். ஒரே தள்ளுபடி, ஒரு இடத்தில் உங்கள் பையிலிருந்து 300 ரூபாய் போகிறது, இன்னொரு இடத்தில் 3,500 போகிறது. மார்ஜினில் பங்கு வாங்குகிறவர் 'டிஸ்கவுன்ட்' என்ற சொல்லை வாயிலிருந்து எளிதில் விடக்கூடாது. மார்ஜின் எவ்வளவு என்பதை ஏஜென்சி உங்களுக்குக் காட்டுமா என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். காட்டாத மார்ஜினில் பங்கு என்றால், கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சேருவதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

பத்துப் பக்க ஒப்பந்தம் தேவையில்லை. ஏஜென்சியின் லெட்டர்பேடில் ஒரு பக்கம், அல்லது முதலாளியின் மெயில் ஐடியிலிருந்து ஒரு மெயில் போதும். அதில் இவை இருக்க வேண்டும்:

- கமிஷன் எதன் மேல் கணக்கிடப்படும்; ஜிஎஸ்டி, டிசிஎஸ் (வெளிநாட்டு பேக்கேஜ் விற்கும்போதே பயணியிடம் வாங்கிக் கட்டும் வருமான வரி) அதில் சேராது என்ற வாக்கியம்.
- ஆபீஸ் கொடுக்கும் லீடுக்கு (விசாரித்து வரும் வாடிக்கையாளர்) ஒரு விகிதம், நீங்களே கொண்டுவரும் ஆளுக்கு ஒரு விகிதம். விளம்பரச் செலவு இல்லாமல் வருகிறவர் என்பதால் சொந்த லீடுக்குக் கூடுதலாகக் கேட்பது நியாயம்.
- எப்போது பணம்: முழுத் தொகை வந்ததுமா, பயணம் முடிந்த பிறகா? தேதியோடு எழுதச் சொல்லுங்கள். "பயணம் முடிந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள்" என்பதுபோல.
- கேன்சல் ஆனால் என்ன? ஏஜென்சி பிடித்து வைத்துக்கொள்ளும் கேன்சலேஷன் தொகையில் உங்களுக்குப் பங்கு உண்டா, கொடுத்த கமிஷனைத் திருப்பிக் கேட்பார்களா?
- அதே குடும்பம் அடுத்த வருஷம் நேராக ஆபீஸுக்குப் போன் செய்தால் அது யார் கணக்கு? இதை எழுதாததால்தான் அதிகமான சண்டைகள் வருகின்றன.
- நீங்கள் வேலையை விட்டபின் பயணம் போகிறவர்களின் கமிஷன்.

ஏஜென்சியையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி போர்ட்டலில் தேடினால் பெயரும் நிலையும் தெரியும். 'கேன்சல்டு' என்று வந்தால் அங்கே நிற்க வேண்டாம். வேலை தருவதற்கு உங்களிடமே டெபாசிட் கேட்டால் யோசியுங்கள். இன்னொன்று, இதில் வளைந்து கொடுக்கவே கூடாது: டூரிஸ்ட் விசாவில் ஆளை அனுப்பி வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாகப் பேசும் இடத்தில் ஒரு நாளும் இருக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி தனிப் பதிவு வேண்டும். 'டைப்பிங் வேலை' என்று நம்பி டூரிஸ்ட் விசாவில் போன நம் பிள்ளைகள் கம்போடியாவிலும் மியான்மரிலும் மோசடிக் கூடங்களில் சிக்கியிருக்கிறார்கள். அந்த டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கக்கூடாது.

விசாரணை வந்ததும்

"கஷ்மீர் எவ்வளவு ஆகும்?" என்று போன் வரும். உடனே ஒரு தொகையைச் சொன்னால் அந்தத் தொகையோடு அவர் நாலு இடத்தில் ஏறி இறங்குவார். விலைக்கு முன்னால் கேட்க வேண்டியவை இவை: எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் என்ன வயது, தேதி உறுதியா அல்லது லீவ் கிடைத்தால் தானா, சைவமா அசைவமா, வெங்காயம் பூண்டு சேர்க்காதவர் உண்டா, படி ஏற முடியாதவர் யார், வீட்டில் கடைசி முடிவு யாருடையது.

வயதை "சின்னப் பையன்தான் சார்" என்று விட்டுவிடக்கூடாது. பிறந்த தேதி வேண்டும். விமானத்தில் 2 வயதுக்குள் இருந்தால்தான் மடியில் வைத்துக்கொள்ளும் கைக்குழந்தை டிக்கெட். போகும்போது ஒன்றே முக்கால் வயது, திரும்பும் நாளுக்குள் 2 முடிந்துவிட்டது என்றால் திரும்பும் பயணத்துக்குத் தனி சீட் எடுக்க வேண்டும். ரயிலில் 5 முதல் 11 வயது வரை பெர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட், பெர்த் வேண்டும் என்றால் முழு டிக்கெட். ஓட்டலில் கூடுதல் கட்டில் எந்த வயதிலிருந்து கட்டாயம் என்பது ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். கேட்காமல் 'சைல்ட் வித்தவுட் பெட்' (தனிக் கட்டில் இல்லாத குழந்தை) என்று போட்டுவிட்டால் செக்-இன் மேஜையில்தான் தகராறு தெரியும்.

முழங்கால் வலியைக் கேட்காமல் காசி பேக்கேஜ் போடவே கூடாது. கங்கைப் படித்துறைகள் செங்குத்தானவை. பழைய நகரின் சந்துக்குள் வண்டி போகாது. ஓட்டலிலிருந்து எத்தனை தூரம் நடை, லிஃப்ட் உண்டா, இந்த இரண்டையும் கேட்டுச் சொன்னாலே மற்ற ஏஜென்ட்களிடமிருந்து நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்.

பெயர்: அதிகப் பணம் போகிற இடம்

இந்தத் தொழிலில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு இருக்கச் சொன்னால் அது பெயர்தான். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, இனிஷியல்தான். உலகம் முழுவதும் உள்ள டிக்கெட் முறையோ 'சர்நேம்', 'கிவன் நேம்' என்ற இரண்டு பெட்டியைத்தான் அறியும்.

எஸ். முத்துலட்சுமி என்று ஒருவர் சொல்கிறார். பாஸ்போர்ட்டைப் பார்த்தால் கிவன் நேம் முத்துலட்சுமி, சர்நேம் சுப்பிரமணியன். அது அப்பா பெயர். அவர் வாயால் சொன்னதை வைத்து சர்நேம் பெட்டியில் வெறும் 'எஸ்' போட்டு டிக்கெட் எடுத்தால் விமான நிலையத்தில் நிறுத்தப்படலாம். இன்னொருவருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சர்நேம், ஆதாரில் இன்னும் அப்பாவின் இனிஷியல். மூன்றாமவருக்கு சர்நேம் பெட்டியே காலி.

ஆகவே வழிமுறை இதுதான். பெயரைப் போனில் கேட்டு எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் வெளிச்சத்தில் வைத்து எடுத்த படமாக வாங்குங்கள். லட்சுமியின் நடுவில் 'கேஎஸ்ஹெச்' வருகிறதா 'எக்ஸ்' வருகிறதா, செந்திலில் 'டி'க்குப் பின் 'ஹெச்' உண்டா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். டைப் செய்த பெயரை டிக்கெட் எடுக்கும் முன் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, "பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கிறது, சரி" என்று அவரே பதில் போடும்வரை பணம் கட்டும் பட்டனைத் தொடாதீர்கள். பின்னால் தகராறு வந்தால் அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும். சில எழுத்துப் பிழையைத் திருத்த விமான நிறுவனங்கள் இடம் கொடுக்கும். ஆள் பெயரையே மாற்ற விடாது. அப்போது பழைய டிக்கெட்டைக் கேன்சல் செய்து அன்றைய விலையில் புதிது எடுக்க வேண்டும். அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் கமிஷனில்தான் கழியும்.

சர்நேம் காலியாக உள்ளவருக்கு எப்படிப் போடுவது என்பது விமானத்துக்கு விமானம் வேறு. சிலர் கிவன் நேமையே இரண்டு பெட்டியிலும் போடச் சொல்வார்கள். அந்தந்த விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்தே எடுங்கள். துபாய் என்றால் இன்னும் கவனம்: ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு 2022 நவம்பரிலிருந்து விசிட் விசாவில் கட்டுப்பாடு வந்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்பார்களா என்பதை விசா போடும் முன்பே விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் கையில் வந்த கையோடு காலாவதித் தேதியையும் பாருங்கள். பயண நாளிலிருந்து 6 மாதம் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. நேபாளத்துக்கு விமானத்தில் போகிறவரிடம் "ஆதார் இருக்கே" என்று விட்டுவிடக்கூடாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 15 வயதுக்கு உட்பட்டவருக்கும் 65 வயதைத் தாண்டியவருக்கும்தான் ஆதாரை ஏற்பார்கள். முக்திநாத் குழுக்களில் அடிக்கடி இடறும் இடம் இது.

குவோட் எழுதுவது

குவோட் என்பது பயணிக்கு எழுதிக் கொடுக்கும் விலை விவரம். ஒரு தொகையும் ஒரு படமும் அனுப்புவது குவோட் ஆகாது. நாள்வாரியாக எங்கே தங்கல், ஓட்டல் பெயர், எந்த வகை அறை, என்ன சாப்பாடு என்று இருக்க வேண்டும். சிபி என்றால் காலைச் சாப்பாடு மட்டும், எம்ஏபி என்றால் காலையும் இரவும், ஏபி என்றால் மூன்று வேளையும். இந்தச் சுருக்கெழுத்தை அப்படியே அனுப்பாமல் தமிழில் விரித்து எழுதுங்கள். "மதியச் சாப்பாடு உங்கள் செலவு" என்று நேராக எழுதினால் மூன்றாம் நாள் போன் வராது.

'இதில் சேராதவை' என்ற பகுதிதான் குவோட்டின் உயிர். ஊருக்கு ஊர் அது மாறும். கஷ்மீரில் பஹல்காமிலிருந்து ஆரு, பேதாப் பள்ளத்தாக்குகளுக்கு நீங்கள் கொடுத்த வண்டி போகாது. உள்ளூர் யூனியன் வண்டியைத்தான் எடுக்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். மலை ஏறும்போது டிரைவர் ஏசியை அணைத்துவிடுவார். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். அதை எடுப்பது நீங்களா, வண்டிக்காரரா, பயணியா என்று எழுதுங்கள். கேதார்நாத் ஹெலிகாப்டருக்கு ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா தளம் ஒன்றுதான் வழி; அதற்கும் முன் சார்தாம் யாத்திரைப் பதிவு முடிந்திருக்க வேண்டும். "ஹெலிகாப்டர் உறுதி" என்று ஒரு நாளும் எழுதிக் கொடுக்காதீர்கள். டிக்கெட் கிடைப்பதும் வானிலையும் உங்கள் கையில் இல்லை.

காசிக்கு ரயில் விடியற்காலை போய்ச் சேரும், அறை மதியம் 12 மணிக்குத்தான் கிடைக்கும் என்றால் இடைப்பட்ட நேரத்தில் வயதானவர்கள் லாபியில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாளே வந்த அந்தக் கோபம் டூர் முடியும்வரை ஆறாது. அரை நாள் வாடகையைச் சேர்த்து விலை சொல்லுங்கள், அல்லது குளித்து உடை மாற்ற ஓர் அறையாவது எடுங்கள்.

வரியைத் தனியாகக் காட்டுங்கள். டூர் பேக்கேஜுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். வெளிநாட்டு பேக்கேஜ் என்றால் அதன் மேல் டிசிஎஸ். 2023 அக்டோபரில் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 என்று இருந்தது. 2025 ஏப்ரலில் அந்த எல்லை 10 லட்சம் ஆனது. 2026 பட்ஜெட் எல்லையே இல்லாமல் 2 சதவீதமாகக் குறைத்தது. இப்படி மாறிக்கொண்டே இருப்பதால் குவோட் போடும் நாளில் ஆபீஸ் கணக்கரிடம் கேட்டு எழுதுங்கள். டிசிஎஸ் வாடிக்கையாளரின் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம் என்று சொல்லிப் புரியவையுங்கள். அதைச் சொல்லாததால் "ஏன் விலை ஏறிடுச்சு?" என்று முறிந்துபோகும் பேச்சுகள் நிறைய.

கடைசியாக, "இந்த விலை இன்று மாலை 6 மணி வரை, விமானக் கட்டணம் மாறினால் வித்தியாசம் சேரும்" என்ற வரி. இது இல்லாத குவோட்டை அனுப்பவே வேண்டாம்.

"தம்பி, இன்னொருத்தர் பத்தாயிரம் கம்மியா சொல்றாரே" என்பார்கள். விலையைக் குறைக்கும் முன், "அந்தக் குவோட்டை அனுப்புங்கண்ணே, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்துடலாம்" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஓட்டல் ஊருக்கு வெளியே இருக்கும், அல்லது இரவுச் சாப்பாடு இருக்காது, அல்லது வரி சேர்க்காத தொகையாக இருக்கும். அதைக் காட்டியும் அவருக்கு விலைதான் முக்கியம் என்றால் ஓட்டலை ஒரு படி இறக்கியோ ஓர் இரவைக் குறைத்தோ புதுக் குவோட் கொடுங்கள். அதே பொருளை விலை குறைத்துக் கொடுத்தால் முதலில் சொன்னது ஏமாற்று விலை என்று ஆகிவிடும்.

பணமும் பதிவும்

பயணியின் பணம் ஏஜென்சியின் வங்கிக் கணக்குக்கு மட்டும் போக வேண்டும். "அவசரம், உன் ஜிபேவுக்கே போட்டுடறேன்" என்று சொன்னாலும் வாங்காதீர்கள். உங்கள் கணக்கில் 2 லட்சம் வந்து போனால் அது உங்கள் வருமானமா என்று வரித்துறைக்கு விளக்க வேண்டிய வேலை உங்களுடையது. ஏஜென்சி நொடித்துப்போனால் பயணி தேடி வருவதும் உங்கள் வாசலுக்குத்தான். ரொக்கம் வாங்க ஆபீஸே சொன்னாலும், ஒரே பயணத்துக்கு ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை.

முன்பணம் எவ்வளவு வாங்குவது? டிக்கெட், விசா போலத் திரும்பி வராத செலவு எவ்வளவோ அதற்குக் குறையாமல். மீதி, ஓட்டல்களின் இலவச கேன்சல் தேதி முடிவதற்கு முன் கைக்கு வர வேண்டும். விசா தேவைப்படும் நாட்டுக்கு, விசா வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட்டை எடுக்காமல் இருப்பதே நல்லது. விலை ஏறும் என்று பயணியே அவசரப்படுத்தினால், "விசா மறுக்கப்பட்டால் டிக்கெட் பணம் வராது, தெரிந்தே எடுக்கச் சொல்கிறேன்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயில் டிக்கெட்டில் ஒரு கண்டிப்பு. உங்கள் சொந்த ஐஆர்சிடிசி ஐடியில் வாடிக்கையாளருக்கு டிக்கெட் எடுத்து அதற்குக் காசு வாங்குவது ரயில்வே சட்டம் 143-ம் பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஏஜென்ட் ஐடி உள்ள ஆபீஸ் வழியாகத்தான் எடுக்க வேண்டும். அந்த ஐடியில் தத்கால் திறந்த முதல் அரை மணி நேரம் எடுக்க முடியாது என்பதால், தத்காலை நம்பிக் குழு டூர் போடாதீர்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது; பயணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி அந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கிளம்பும் வாரம்

ஏழு நாளுக்கு முன் ஒவ்வொரு ஓட்டலுக்கும் நீங்களே போன் செய்து, எந்தப் பெயரில், எத்தனை அறை, என்ன சாப்பாடு என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். சப்ளையர் 'கன்ஃபர்ம்டு' என்று மெயில் போட்டிருந்தாலும் கேளுங்கள். வீல்சேர் வேண்டியவர்களுக்கு விமான நிறுவனத்திடம் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லிவிடுங்கள்.

மூன்று நாளுக்கு முன் வருகைப் படிவங்கள். சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்டிஏசி, தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் டிடிஏசி. மூன்றும் அரசின் தளத்தில் இலவசம். தேடினால் முதலில் வருவது காசு கேட்கும் போலித் தளமாக இருக்கும். பயணியிடம் "நீங்களே போட்டுக்கோங்க" என்று விட்டால் அங்கேதான் போய் விழுவார். பத்து நிமிட வேலை, நீங்களே செய்து கொடுங்கள்.

வவுச்சர்களை (ஓட்டல், வண்டி பதிவுக்கான சீட்டுகள்) வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதோடு நிறுத்தாமல், வயதானவர்கள் உள்ள குழுவுக்குப் பெரிய எழுத்தில் ஒரே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள்: டிரைவர் பெயர், எண், ஓட்டல் பெயர், உங்கள் எண், இரவில் எடுக்கும் ஆபீஸ் எண். போன் சார்ஜ் தீர்ந்த இடத்தில் அந்தத் தாள்தான் துணை.

கமிஷனும் கணக்கும்

ஒரு நோட்டோ ஒரு எக்ஸெல் தாளோ போதும். பதிவு எண், பயணி பெயர், மொத்தத் தொகை, கமிஷன் அடிப்படை, வர வேண்டியது, வந்த தேதி, பிடித்த டிடிஎஸ் (கமிஷன் தரும்போதே ஏஜென்சி கழிக்கும் வருமான வரி). மாதக் கடைசியில் அதை ஆபீஸுக்கு அனுப்பி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் இரு பக்கமும் நினைவிருக்காது.

கமிஷனுக்கு டிடிஎஸ் 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதம். 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் பிடிப்பார்கள். 10,500 ரூபாய்க்கு 210 போய் 10,290 கைக்கு வரும். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். பிடித்த தொகை உங்கள் பானில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாத ஆபீஸ்கள் உண்டு. சிறு வியாபாரிகளுக்கான உத்தேச வருமானக் கணக்கு முறை (வரவில் ஒரு பங்கையே லாபம் என்று வைத்து, செலவுக் கணக்கு இல்லாமல் காட்டுவது) கமிஷன் வருமானத்துக்குப் பொருந்தாது. பலர் தெரியாமல் அதில் கணக்குத் தாக்கல் செய்து நோட்டீஸ் வாங்குகிறார்கள். ஆகவே போன் பில், பெட்ரோல், அச்சுச் செலவு எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள். செலவாகக் காட்ட அவைதான் ஆதாரம்.

வரவு மாதாமாதம் ஒரே மாதிரி வராது. கோடை விடுமுறைப் பயணங்களுக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே பேச்சு தொடங்கும். பயணம் ஏப்ரல், மே. திரும்பி வந்தபின்தான் கமிஷன் என்ற ஒப்பந்தம் என்றால் கைக்கு வருவது ஜூன், ஜூலை. வேலையில் சேர்ந்த முதல் நான்கைந்து மாதம் பணமே வராமல் போகலாம் என்று கணக்குப் போட்டு, அந்த மாதங்களுக்கான வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். இறங்குவதற்கு நல்ல மாதம் நவம்பர், டிசம்பர். கோடைக்கான விசாரணைகள் வரும்போது ஓட்டல்களும் விலைகளும் உங்களுக்குப் பழகியிருக்கும்.